காரணம்: பேச்சு

உட்காருங்கள் தம்பி. யாரும் வரவில்லை. இந்த மூன்று நாற்காலியும் காலிதான். ஞாயிற்றுக்கிழமை என்றால் இப்படித்தான், நாற்பத்திரண்டு மேசையும் நிறைந்துவிடும். என் மேசையில் மட்டும் ஒரு ஆள், மூன்று காலி. யாராவது வந்து நாற்காலி வேண்டுமா என்று கேட்டுத் தூக்கிக்கொண்டு போவார்கள். உட்காரலாமா என்று கேட்டவர் இந்த மாதத்தில் நீங்கள்தான் முதல்.

டோக்கன் எத்தனை? அறுபத்து மூன்றா? இப்போது எண் பலகையில் ஐம்பத்து நான்கு எரிகிறது. நடுவில் எட்டுப் பேர். ஆளுக்கு இரண்டு நிமிடம். அதில் ஒருவர் டோக்கனை எங்கே வைத்தோம் என்று பை பையாகத் தேடுவார், அதற்கு ஒரு இரண்டு நிமிடம். இருபது நிமிடத்தில் உங்கள் எண் வந்துவிடும். வீட்டில் உள்ளவர்கள் எல்லாம் பூங்காவுக்குள்ளே ராட்டினத்திலா? சரி, சரி. தலைசுற்றல் இருப்பவர்கள் வெளியே உட்கார்ந்திருப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பஸ் மெஸ்ஸில்தானே வாங்கியிருக்கிறீர்கள்? நல்லது. இந்தத் தெருவில் சாப்பிடும் இடம் மொத்தம் ஏழு. ஏழிலும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன், ஒவ்வொன்றிலும் மூன்று முறைக்குக் குறையாமல். ஒரு தடவை சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்லக் கூடாது. அதோ அரண்மனை மாதிரி இருப்பது பிரியாணிக் கடை. அரிசி நல்ல அரிசி. ஆனால் உள்ளே ஒரே இருட்டு, ராஜா காலத்து விளக்காம். தட்டில் இருப்பது கறியா, பட்டையா என்று வாயில் வைத்த பிறகுதான் தெரியும். கப்பல் மாதிரி இருப்பதில் மீன். தரை ஆடும்படி செய்திருக்கிறார்கள். குழந்தைகளுக்குப் பிடிக்கும். எழுபத்தொரு வயதில் கையில் குழம்புக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஆடுகிற தரையில் நடந்து பார்த்தால் தெரியும். ரயில் பெட்டியில் பீட்சா. அங்கே நாற்காலி உயரம், கால் தரையில் படாது. கால் தொங்கிக்கொண்டிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

பஸ் மெஸ் ஒன்றுதான் சாப்பாட்டை மதித்து நடத்துகிற இடம். பழைய பஸ்ஸின் கூட்டைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் ஜன்னல் வழியாகத் தட்டைக் கொடுக்கிறார்கள். சாம்பார் சாதம், தயிர் சாதம், ஒரு பொரியல், சின்னக் கிண்ணத்தில் ரசம், ஒரு அப்பளம். எண் எரிந்ததும் ஜன்னலுக்குப் போக வேண்டும், அங்கே நிற்கும்போதுதான் சூடாகப் போட்டுக் கொடுப்பார்கள். 'எண் எரிந்த மூன்று நிமிடத்தில் தட்டு உங்கள் கையில்' என்று சிவப்பில் எழுதியிருக்கிறது பாருங்கள். இந்தத் தெருவுக்கு வந்த அன்று நான் முதலில் படித்தது அந்த வரியைத்தான். அட, நம்மைப் போல ஒரு ஆள் இங்கேயும் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் என்றால் நான் டைம் கீப்பர். உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தில், தனியார் பஸ்களுக்கு. எட்டாவது வரைதான் படிப்பு. முப்பத்தொன்பது வருடம் அதே தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். திருமூர்த்தி என்று பெயர் சொன்னால் அங்கே யாருக்கும் தெரியாது, டைம் கீப்பர் என்றால் பூக்காரம்மாவுக்கும் தெரியும். பஸ் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், தாமதம் எத்தனை, காரணம் என்ன. நான்கு கட்டம், ஒரு நோட்டு. காரணம் என்ற கட்டத்தில் நாங்கள் எழுதுவது ஐந்தாறு சொல்தான். பஞ்சர். ரயில்வே கேட். கூட்டம். மழை. டிரைவரும் கண்டக்டரும் டீக்கடையில் நின்று கதை பேசிவிட்டுத் தாமதமாக எடுத்தால், பேச்சு. பேச்சு என்று எழுதினால் அந்த டிரைவருக்கு மறுநாள் வண்டி கிடைக்காது. அது முதலாளி பார்த்துக்கொள்வது. எழுதுவது மட்டும்தான் என் வேலை.

ஐம்பத்தாறு. போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது சத்தம் வரும் பாருங்கள். வந்ததா? அந்தச் சுவருக்குப் பின்னால்தான் பெரிய ராட்டினம். நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை முப்பது பேர் சேர்ந்து அலறுவார்கள். முதல் வாரம் எனக்குக் கையில் இருந்த கவளம் கீழே விழுந்தது. இப்போது பழகிவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் அதைப் பழுது பார்க்க நிறுத்திவைப்பார்கள். அன்றைக்குச் சாப்பிடுவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

வீடு பக்கத்தில்தான். அந்த அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. மகள் புனேயில் இருக்கிறாள். வீட்டை வாங்கிப் போட்டாள், பூட்டி வைத்தால் கெட்டுப்போகும் என்று என்னை அதில் இருக்கச் சொன்னாள். நல்ல காற்று. என் வீட்டுக்காரி போய் நான்கு வருடம் ஆகிறது. அவள் இருந்த காலத்தில் எனக்கு இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் இருபத்திரண்டு நிமிடம்தான் மதியச் சாப்பாட்டுக்கு. பரிமாறிக்கொண்டே அவள் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன சொன்னாள் என்று இன்றைக்குக் கேட்டால் தெரியாது. ஆனால் ஒரு நாள்கூட பஸ்ஸை விட்டதில்லை.

இந்தத் தெருவுக்கு வர ஆரம்பித்து ஏழு மாதம். உள்ளே போகத்தான் டிக்கெட், தெருவுக்கு இல்லை. எல்லா மேசையிலும் இப்படி ஒரு அட்டை செருகி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். சுவை, சுத்தம், வேகம், சூழல். நான்கு கட்டம். நான்கு கட்டத்தைப் பார்த்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. முதல் அட்டையில் சூழல் என்ற கட்டத்தில் அந்தப் பஸ்ஸின் பலகையைப் பற்றி எழுதினேன். அப்போது அதில் 'பொள்ளாச்சி - பழநி, வழி ஊட்டி' என்று போட்டிருந்தார்கள். பொள்ளாச்சியிலிருந்து பழநிக்கு ஊட்டி வழியாகப் போக எந்த டிரைவருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. எழுதிப் பெட்டியில் போட்டேன், கீழே பெயரும் போன் எண்ணும் போட்டு. ஒன்பதாம் நாள் ஒருவர் ஏணி வைத்து ஏறி, ஊட்டியை அழித்து உடுமலை என்று எழுதினார். நான் இதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.

அன்றைக்கே பூங்கா ஆபீஸ் பெண் ஒருத்தி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். சிந்துஜா என்று பெயர், விருந்தினர் கவனிப்பு என்று சட்டையில் குத்தியிருந்தது. என் மகளைவிடச் சின்னவள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். இந்த மாதிரி கவனித்து எழுதுபவர்கள் கிடையாது ஐயா, தொடர்ந்து எழுதுங்கள் என்றாள். பதினொரு நிமிடம் இருந்தாள். அதற்குப் பிறகு நான் அட்டை எழுதாத நாள் இல்லை.

அதோ அந்த மணிக்கூண்டைப் பற்றியும் எழுதினேன். எப்போது பார்த்தாலும் பத்து பத்து. அது அலங்காரத்துக்கு என்று சொல்லிவிட்டார்கள். போகட்டும்.

ஆடி மாதத்தில் பஸ் மெஸ் ஜன்னலுக்கு ஒரு அம்மா வேலைக்கு வந்தார். மயிலாத்தாள். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். பக்கத்தில் ஒரு கிராமம், வீட்டுக்காரர் இல்லை, ஒரே பெண் திண்டுக்கல்லில் நர்சிங் படிக்கிறாள், இது கடைசி வருடம். இதெல்லாம் நானாகக் கேட்டதில்லை. நான் யாரிடமும் எதுவும் கேட்கிறவன் இல்லை. பஸ் நிலையத்திலேயே விசில் ஊதுவேனே தவிர வாய் திறந்து பேசியது குறைவு. அவராகத்தான் சொன்னார். முதல் நாள் நான் டோக்கனை நீட்டியதும் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "ஏனுங்கய்யா, தனியாவா வந்தீங்க?" என்று கேட்டார்.

அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் பார்த்தாலே தெரிகிறது அல்லவா. ஆமாங்க என்றேன். அவ்வளவுதான், அன்றிலிருந்து தினமும் ஏதாவது. நேற்று ரசம் எப்படி இருந்தது. மூட்டு வலிக்கு என்ன போடுகிறீர்கள். மகள் போன் செய்தாளா. கத்தரிக்காய் எனக்கு ஆகாது என்று ஒரு முறைதான் சொன்னேன், அதற்குப் பிறகு கத்தரிக்காய்ப் பொரியல் அன்று எனக்குத் தனியாகக் கொஞ்சம் கோஸ் எடுத்து வைத்திருப்பார். பல் சரியில்லை என்று பார்த்து அப்பளத்தை நான்காக உடைத்து வைப்பார். நான் டைம் கீப்பர் என்று தெரிந்த பிறகு கேலி வேறு. "நீங்க விசில் ஊதுங்க, அப்பத்தான் எங்க பஸ்ஸுல சோறு இறங்கும்" என்பார். இன்னொரு நாள், "எந்நேரமும் கடியாரத்தையே பாக்கறீங்களே, எந்த பஸ்ஸைப் புடிக்கப் போறீங்க?" என்றார். நான் சிரித்துக்கொண்டேன்.

நான் போவது இரண்டு பத்துக்கு. கூட்டம் எல்லாம் ஓய்ந்திருக்கும், எனக்குப் பின்னால் வரிசையில் ஆள் இருக்காது. இருந்தாலும் நேரம் நேரம்தானே. எண் எரிந்ததிலிருந்து தட்டு கைக்கு வர ஆறு நிமிடம். சில நாள் ஏழு. மகள் இரண்டு வாரமாகப் போன் செய்யவில்லை என்று சொன்ன அன்று ஒன்பது நிமிடம்.

நான் அட்டையில் எழுதினேன். சுவை நன்று. சுத்தம் நன்று. வேகம், ஆறு நிமிடம், தாமதம் மூன்று, காரணம் பேச்சு.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நடந்ததைத்தானே எழுதினேன். ஒரு நாளைக்கு எழுதி ஒரு நாளைக்கு விட்டால் அது கணக்கே இல்லை. சூழல் என்ற கட்டத்தில் 'மிக நன்று' என்றும் எழுதினேன். அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் அந்தக் கட்டத்தில் நான் குறையைத் தவிர வேறு எதுவும் எழுதியதே இல்லை.

ஐம்பத்தெட்டு. அந்தக் கறுப்புச் சட்டைக்காரர் தேடுகிறார் பாருங்கள், நான் சொன்னேன் அல்லவா.

ஒரு திங்கட்கிழமை ஜன்னலுக்குப் போனேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார், சிரிக்கவில்லை. சாதத்தைப் போட்டார், சாம்பாரை ஊற்றினார். பிறகு கரண்டியை வைத்துவிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். எதனால் என்று நான் கேட்டேன். நானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எவரோ எழுதிப் போட்டுட்டாங்களாமுங்கய்யா. நான் வேலையைப் போட்டுட்டுப் பேசிக்கிட்டே நிக்கறனாம். நான் யாருகிட்டப் பேசறேன்? நாள் முழுக்க வாயைத் தொறக்கறதில்லீங்க. உங்ககிட்டத்தான் நாலு வார்த்தை பேசறேன்."

நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாம்பார் கையில் சுட்டது.

"நீங்க ஒரு சீட்டு எழுதிப் போடுங்கய்யா. உங்க எழுத்துக்குத்தான் இங்க மதிப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. ஊட்டியவே அழிச்சுப்போட்டீங்களாமே. பொண்ணுக்கு இன்னும் எட்டு மாசந்தான் இருக்குது. அதுவரைக்கும் இருந்தாப் போதுமுங்க."

பார்க்கலாம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? நான்தான் எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பார்க்க மறந்துவிட்டேன். முப்பத்தொன்பது வருடத்தையும் இந்த ஏழு மாதத்தையும் சேர்த்து அந்த ஒரு நாள்தான் நான் பார்க்காமல் விட்டது.

மறுநாள் ஆபீசுக்குப் போனேன். சிந்துஜா எழுந்து நின்று வரவேற்றாள், தண்ணீர் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு பைலை எடுத்து என் அட்டைகளை மேசையில் வரிசையாகப் பரப்பினாள். இருபத்தாறு. அந்த அம்மா வந்ததிலிருந்து நான் எழுதியவை. ஒரே ஆளைப் பற்றி ஒரு மாதத்தில் மூன்று புகார் வந்தாலே மேலிடம் கேட்கும், இது இருபத்தாறு, தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றாள். வேறு யாரும் எழுதினார்களா என்று கேட்டேன். ஒருவரும் இல்லை என்றாள்.

"பேச்சு, பேச்சுன்னு எல்லாத்துலயும் போட்டிருக்கீங்களே ஐயா. அவங்க யார்கூடப் பேசிட்டிருந்தாங்க?"

"என் கூடத்தானுங்க."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"பேச வேண்டாம், சாப்பாட்டைக் குடுங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லாம எப்படிங்க வர்றது? அது மரியாதை இல்லீங்களே."

"அப்புறம் ஏன் எழுதினீங்க?"

"தாமதம் ஆச்சுங்களே."

அவளுக்குக் கோபம் மாதிரியும் இல்லை. பிறகு அவளாகவே ஒரு வழி சொன்னாள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்து, நேரம் பார்த்ததில் தவறு நேர்ந்துவிட்டது என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன் என்றாள்.

நான் எழுதவில்லை.

தம்பி, என் நேரம் தவறு என்று நான் எப்படி எழுதுவது? ஒரு விபத்து வழக்கில் எங்கள் முதலாளியே வீடு தேடி வந்து, இரண்டே இரண்டு நிமிடத்தைத் திருத்திக் கொடு என்று கேட்டார். மாட்டேன் என்றேன். மூன்று மாதம் வீட்டில் உட்கார வைத்தார். என் வீட்டுக்காரி அப்போது ஏதோ சொன்னாள், அதையும் நான் சரியாகக் கேட்கவில்லை. பிறகு கோர்ட்டில் என் நோட்டைத்தான் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்டவன் ஒரு தட்டுச் சாம்பார் சாதத்துக்காகப் பொய் எழுதுவதா என்று நினைத்தேன். சிந்துஜாவிடமும் அதைத்தான் சொன்னேன். நேரம் சரிதான், விநாடி வரைக்கும் சரி என்றேன். தாளை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஜன்னலில் வேறு ஒருவரைப் போட்டார்கள். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கையுறை, முகக்கவசம், தலையில் தொப்பி. இரண்டு நிமிடம் ஐந்து விநாடி. மறுநாள் இரண்டு நிமிடம். அதற்கு மறுநாள் ஒன்று ஐம்பது. அதே சமையல், அதே உப்பு. நான் இதே மேசையில் உட்கார்ந்து அட்டையை எடுப்பேன். சுவை நன்று, சுத்தம் நன்று, வேகம் மிக நன்று. நான்காவது கட்டம் வரும்போது கை நின்றுவிடும். பதினொரு நாள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். சாப்பிட எனக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும். தட்டை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. ராட்டினச் சத்தம்கூட இல்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தபோதுதான் கவனித்தேன், அன்று காலையிலிருந்து நான் பேசியது ஒரே ஒரு வார்த்தை. டோக்கன் வாங்கும்போது, ஒன்று என்று சொன்னது.

அறுபது.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஒரு யோசனை வந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். இதோ இந்தக் கடிகாரம் இருக்கிறதே, இதன் முள்ளை நான்கு நிமிடம் முன்னால் நகர்த்தி வைத்தேன். வைத்துவிட்டு நேராக ஆபீசுக்குப் போய், தாளைக் கொடு அம்மா என்று வாங்கி, 'என் கடிகாரம் நான்கு நிமிடம் தவறாக இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் இல்லை பாருங்கள். அந்த நிமிடத்தில் அது தவறாகத்தான் இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது, வேண்டுமானால் உங்கள் போனில் பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பி வைத்தால் எழுதியது பொய் ஆகிவிடும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

நான்கு நிமிடம் முன்னால் ஓடினால் என்ன, ஆறு நிமிடம் ஆறு நிமிடம்தான், இடைப்பட்ட நேரம் மாறாது. அது எனக்குத் தெரியும். சிந்துஜாவுக்கும் தெரிந்திருக்கும், படித்த பெண். என் கடிகாரத்தைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், சரிதானுங்கய்யா, நாலு நிமிஷம் தப்பாத்தான் இருக்குது என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் வந்து இன்றைக்கு ஆறு நாள்.

முதல் நாள் நான் இரண்டு மணிக்கே வந்துவிட்டேன். சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தேன். எண் எரிந்தது, போனேன். ஜன்னலுக்கு மேலே புதிதாக ஒரு பலகை. இங்கிருந்தே தெரியும், பாருங்கள். 'பணியில் இருப்பவருடன் பேசாதீர்கள்.' பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் எழுதியிருக்குமே, அதே எழுத்து, அதே மஞ்சள். பஸ்ஸுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஒன்றும் சொல்வதற்கில்லை. பக்கத்தில் சின்னதாக ஒரு கேமரா. அவர் டோக்கனை வாங்கினார். சாதம் போட்டார், சாம்பார், பொரியல், ரசம். தட்டை நகர்த்தி வைத்தார். தலையைத் தூக்கவில்லை. ஒரு நிமிடம் ஐம்பத்தைந்து விநாடி.

ஆறு நாளும் அப்படித்தான். நானும் பேசவில்லை. நான் பேசி, அவர் பதில் சொல்லி, அது கேமராவில் விழுந்து, இன்னொரு தடவை என்னால் அவருக்கு வேலை போகக் கூடாது. விதியைப் போட்டுவிட்டார்கள், அவர் விதிப்படி நடக்கிறார். நல்ல பணியாளர். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அப்பளம் முழுதாக வருகிறது தம்பி. பலகையில் அப்பளத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

நேற்று ஆபீசில் விசாரித்தேன். அந்த அம்மா திரும்பச் சேரும்போது இங்கே வந்துதான் கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டேன். ஆமாம் என்றாள் சிந்துஜா. அப்போது என் அட்டைகள் எங்கே இருந்தன என்று கேட்டேன். பைல் மேசை மேல்தான் இருந்தது, திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்று நினைவில்லை ஐயா என்றாள். ஒவ்வொரு அட்டையிலும் கீழே என் பெயர் இருக்கிறது. முழுப் பெயர், இனிஷியலோடு. மறைத்து எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அறுபத்திரண்டு. அடுத்தது நீங்கள்தான்.

உங்களிடம் ஒன்று கேட்கலாமா? யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை, தவறாக நினைக்க வேண்டாம். நீங்கள் ஜன்னலுக்குப் போகும்போது அந்த அம்மாவிடம் ஒன்றும் பேச வேண்டாம். என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். சும்மா டோக்கனை நீட்டுங்கள். அவராக உங்களிடம் ஏதாவது பேசுகிறாரா என்று மட்டும் பாருங்கள். எந்த ஊர், யாரோடு வந்தீர்கள், இந்த மாதிரி ஏதாவது. பேசவில்லை என்றால் அது அந்தப் பலகையால்தான். எல்லோருக்கும் அதே விதி. அது எனக்குப் போதும். நாளைக்கும் வருவேன், நாளை மறுநாளும் வருவேன், எட்டு மாதம் வேண்டுமானாலும் பேசாமல் வாங்கிக்கொண்டு போவேன்.

பேசினால் என்ன என்று யோசித்துப் பார்க்கவில்லை.

எரிந்துவிட்டது. அறுபத்து மூன்று. போங்கள் தம்பி, பையை நான் பார்த்துக்கொள்கிறேன். நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்.

வாருங்கள். பார்த்து, ரசம் தளும்புகிறது. இப்படி வையுங்கள்.

வேண்டாம், இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். முதலில் சாப்பிடுங்கள், ஆறிவிடும்.

எண் எரிந்ததிலிருந்து நீங்கள் வந்து உட்கார ஏழு நிமிடம். நடக்கப் போக அரை, வர அரை. அதைக் கழித்தால் ஆறு. நான் திரும்பிப் பார்க்கவில்லை, சத்தியமாகப் பார்க்கவில்லை. கை தானாகக் கடிகாரத்துக்குப் போய்விடுகிறது.

சாதம் தீர்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அல்லவா. உள்ளேயிருந்து வேறு பாத்திரம் வரும் வரைக்கும் உங்களை நிற்க வைத்திருப்பார். அவர் வேலைக்கு வருவதற்கு முன்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி நடந்திருக்கிறது, காரணம் என்ற இடத்தில் நானே எழுதியிருக்கிறேன். அவர் எதற்குப் பேசப் போகிறார்? பலகை இருக்கிறது, கேமரா இருக்கிறது.

சாதம்தானே தம்பி? சாதம் என்று சொல்லுங்கள்.